மார்கழி, தை, மாசியில் மலையகம்: குளிருக்குத் தயாராகிப் போய்வர ஒரு முழு வழிகாட்டி

மார்கழி விடுமுறை தொடங்கினால் யாழ்ப்பாணம், கொழும்பு, மட்டக்களப்பு என்று எல்லாப் பக்கமிருந்தும் வேன்கள் இலங்கை மலையகத்துக்கு ஏறத் தொடங்கிவிடும். சென்னையிலிருந்து வருகிறவர்களும் உண்டு, கனடாவிலிருந்து வந்த சொந்தங்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. "பத்துப் பாகை எல்லாம் ஒரு குளிரா?" என்று கேட்ட கனடாக்காரர், நுவரெலியாவில் இரண்டாம் இரவு மூன்று போர்வைக்குள் நடுங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே வெளியே பனி கொட்டினாலும் வீட்டுக்குள் சூடு இருக்கும். இங்கே வெளியே என்ன குளிரோ உள்ளேயும் அதே குளிர்தான். போதாததற்கு ஈரமும் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

ஹட்டன் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். மலைக்கு வருகிறவர்கள் சந்தோஷமாகத் திரும்பிப் போக வேண்டும் என்பது எனக்குப் பெரிய ஆசை. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் பயணம் கெடுவது பெரும்பாலும் நேரக் கணக்கிலும் ஈர உடுப்பிலும்தான். காலை ஒன்பது மணி வரைதான் மலை தெளிவாகத் தெரியும், அப்புறம் மூடுபனி ஏறிவிடும். ஆகவே விடியற்காலையை நடைக்கு வைத்துக்கொண்டு, பின்னேரத்தைத் தேநீருக்கும் சும்மா இருப்பதற்கும் விட்டுவிடுங்கள். கீழே சொல்வதெல்லாம் இந்தக் கணக்கை ஒட்டித்தான் வரும்.

முதலில்: எந்தப் பக்கம், எந்த மாதம்

மலையகம் என்று ஒரே பேராகச் சொன்னாலும் வானிலை இரண்டு. மார்கழியிலிருந்து மாசி வரை வீசுவது வடகீழ்ப் பருவக்காற்று. அது கிழக்குப் பக்கமாக மலையேறி வரும்போது பதுளை, பண்டாரவளை, எல்ல என்று ஊவாச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிடும். முகட்டைத் தாண்டி ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை பக்கம் இறங்கும்போது அதில் அவ்வளவாக ஈரம் மிஞ்சாது. வைகாசிக்குப் பிறகு தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ரயிலில் பட்டிப்பொலவிலிருந்து ஒஹியவுக்குப் போங்கள். பட்டிப்பொல 1,891 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம் அதுதான். அதைத் தாண்டியதும் ஒரு சுரங்கம் வரும். இந்தப் பக்கம் நல்ல வெயில் இருக்கும், சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால் ஜன்னலுக்கு வெளியே வெள்ளை மூடுபனியைத் தவிர ஒன்றும் தெரியாது. சில நாட்களில் இதுவே மறுபுறமாக நடக்கும். உள்ளே நுழைந்தபோது கதைத்துக்கொண்டிருந்தவர்கள் வெளியே வந்ததும் ஒரு கணம் வாயடைத்துப் போவார்கள்.

ஆகவே மார்கழியிலும் தை முற்பாதியிலும் வருகிறவர்கள் ஹட்டன், மஸ்கெலியா பக்கத்தை வைத்துக்கொள்வது நல்லது. எல்ல, ஹப்புத்தளைக்கு தை கடைசியிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். நுவரெலியா இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. மார்கழியில் அங்கே தூறல் இருக்கும். தை, மாசியில் வானம் வெளுத்து, இரவு 10 பாகைக்குக் கீழே இறங்கி, சில விடியல்களில் புல்லெல்லாம் வெள்ளையாகிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த கையோடு வருவதானால் ஒரு வேலை இருக்கிறது. மலையகத்தில் மண்சரிவு விளையாட்டுக் காரியம் கிடையாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, மண் மூடியதை இங்கே யாரும் மறக்கவில்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையைப் பிரதேசம் பிரதேசமாக வெளியிடுகிறது. கிளம்புவதற்கு முதல்நாள் அதைப் பாருங்கள், வீதியும் ரயில் பாதையும் திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. நீங்கள் போகிற இடத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். முற்பணம் போனாலும் பரவாயில்லை.

இரண்டாவது: உடுப்பு

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6.5 பாகை குறையும். கொழும்பில் 28 பாகை என்றால் நுவரெலியாவில் 16 பாகை அளவில் இருக்கும். இது பகல் கணக்கு, காற்று வீசாதபோது. நடந்து வியர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் கணக்கே வேறு.

நம்மவர்கள் செய்வது, தடித்த ஒரே ஜாக்கெட்டை வாங்கி உள்ளே பருத்திச் சட்டையைப் போட்டுக்கொள்வது. ஏறும்போது வியர்த்துப் பருத்தி நனையும், நின்றதும் அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். அதைவிட மூன்று மெல்லிய உடுப்பு மேல். உள்ளே விளையாட்டு வீரர்கள் போடுகிற, சீக்கிரம் காய்கிற பனியன். நடுவில் ஸ்வெட்டர். வெளியே காற்றையும் தூறலையும் தடுக்கிற மெல்லிய ஜாக்கெட். ஏறும்போது கழற்றிக்கொண்டே போங்கள், நின்றதும் போடுங்கள். ஜீன்ஸ் வேண்டாம். அது நனைந்தால் மலையில் இரண்டு நாளைக்குக் காயாது.

குல்லா, கழுத்துக்கு மப்ளர், இரண்டு சோடி உலர்ந்த காலுறை. குளிரில் சுடாது என்று நினைத்து வெயிலை மறந்துவிடாதீர்கள், உயரத்தில் வெயில் தோலை நன்றாகக் கருக்கும். பையில் வைக்கும் எல்லாவற்றையும் தண்ணீர் புகாத பையில் சுற்றி வையுங்கள். ஜாக்கெட் இல்லாமல் வந்துவிட்டீர்களா? நுவரெலியா பேல் பஜாரில் மலிவாக நல்ல சாமான் கிடைக்கும். ஊரில் பெரிய விலை கொடுத்து வாங்குவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் எங்கள் பாட்டிமார் ஒரு கம்பளியை முக்கோணமாக மடித்துத் தலையிலிருந்து முதுகு வரை போட்டு, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள். கம்பளி நனைந்தாலும் சூட்டை விடாது. தமிழ்நாட்டு வறண்ட பூமியிலிருந்து வந்தவர்கள் இந்தக் குளிரைத் தாங்கக் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

மூன்றாவது: ஏறும் வழி

கொழும்பு கோட்டை–பதுளை ரயிலுக்கு ஆசன முற்பதிவு 30 நாட்களுக்கு முன் திறக்கும். விடுமுறைக் காலத்தில் திறந்த கையோடு தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் மனம் உடைய வேண்டாம். முழுத் தூரமும் ரயிலில் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. நானுஓயா வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து ஹப்புத்தளை வரை மூன்றாம் வகுப்பில் போனாலும் இந்தப் பாதையின் மிக அழகான பகுதி கிடைத்துவிடும். தெமோதரையில் பாதை ஒரு வட்டம் போட்டுத் தன் அடியிலேயே புகுந்து போவதைப் பார்க்க விரும்பினால் எல்லவைத் தாண்டியும் போங்கள். கதவில் தொங்கிப் படம் எடுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். பாதையோரத்துப் பாறையும் மரக்கிளையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன, உயிர் போன சம்பவங்கள் உண்டு.

வேனில் வருகிறவர்களுக்கு இறக்கம்தான் கவலை. சமதரையில் ஓட்டிப் பழகிய சாரதி பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவார், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது இங்கத்துச் சாரதிகளின் சட்டம். 2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் பஸ் ஒன்று வேனிலும் ஆட்டோவிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். கூகுள் வரைபடம் காட்டுகிறது என்று பெரிய வாகனத்தைக் குறுக்கு வழிகளில் இறக்காதீர்கள். இருட்டிய பின் மூடுபனியில் ஓட்டுவதும் வேண்டாம். ஆறு மணிக்குள் தங்குமிடத்தில் இருக்கிற மாதிரித் திட்டமிடுங்கள்.

வளைவுகளில் தலைசுற்றுகிறவர்கள் வயிற்றை நிரப்பாமல், முன் ஆசனத்தில் உட்கார்ந்து, தூரத்தைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். வாயில் ஒரு துண்டு இஞ்சி.

நான்காவது: ஹோர்ட்டன் சமவெளி

2,100 மீட்டருக்கு மேலே விரிந்து கிடக்கிற புல்வெளி. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் ஊற்று இங்கேதான். 1988 முதல் தேசிய பூங்கா. உலக முடிவு என்கிற விளிம்பில் நின்றால் கீழே 870 மீட்டர் அளவில் செங்குத்துப் பள்ளம். ஆனால் அதைப் பார்க்காமலே திரும்புகிறவர்கள் ஏராளம், காரணம் நேரம்தான். வாசல் காலை ஆறு மணிக்குத் திறக்கும். ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். நுவரெலியாவிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல். ஐந்து மணிக்கு முன்பே கிளம்பினால்தான் சரி.

காலைச் சாப்பாட்டைப் பெட்டியில் கொண்டுபோங்கள். வாசலில் பைகளைத் திறந்து பார்த்து, பிஸ்கட் உறை உட்பட எல்லாப் பொலித்தீனையும் எடுத்துவிடுவார்கள். அது நல்ல சட்டம். மரை மான்கள் அதைத் தின்று செத்திருக்கின்றன. அவற்றுக்கு ரொட்டி கொடுக்கவும் கூடாது, எவ்வளவு பக்கத்தில் வந்து நின்றாலும்.

சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், மூன்று மணித்தியாலம் போதும். பாதை பிரியும் இடத்தில் சிறிய உலக முடிவுப் பக்கத்தை முதலில் பிடியுங்கள். அப்படியே நடந்து உலக முடிவைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சிக்குப் போகலாம். மூடுபனி வந்தாலும் அருவியைப் பார்க்க முடியும், பள்ளத்தைப் பார்க்க முடியாது. எல்லோரும் விளிம்பில்தான் படம் எடுக்கிறார்கள். கல் ஈரமாக இருக்கும், கவனம்.

உறைபனி பார்க்க வேண்டுமென்றால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. முதல்நாள் இரவு மேகமே இல்லாமல் நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்து, காற்றும் அசையாமல் இருந்தால், பகலில் தரை வாங்கிய சூடு முழுக்க வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். ஆகவே உயரத்தில் தேடாமல் தாழ்வான புல்வெளியிலும் ஓடைக்கரையிலும் பாருங்கள். நுவரெலியாவைச் சுற்றியுள்ள மரக்கறித் தோட்டங்களில் அப்படிப்பட்ட விடியலில் வெயில் படுவதற்கு முன்பே குழாயைப் பிடித்துச் செடிகளின் மேல் தண்ணீர் அடித்துக்கொண்டிருப்பார்கள். உறைந்த இலையில் நேரே வெயில் பட்டால் கருகிவிடும். உங்களுக்குப் படம், அவர்களுக்கு அந்தப் போகத்தின் உருளைக்கிழங்கு. அதை நினைவில் வைத்து வரப்பிலேயே நில்லுங்கள்.

ஐந்தாவது: சிவனொளிபாத மலை

இதற்குத்தான் கூடுதல் ஆயத்தம் வேண்டும். டிசம்பர் மாதப் பௌர்ணமியில் பருவம் தொடங்கி, வெசாக் பௌர்ணமியில் முடியும். அந்த மாதங்களில் அடிவாரத்து ஊரான நல்லதண்ணியிலிருந்து உச்சி வரை படிகளுக்கு விளக்கு எரியும், வழிநெடுக இரவு முழுக்கத் தேநீர்க்கடைகள் இருக்கும். உயரம் 2,243 மீட்டர். படிகள் ஐயாயிரத்துக்கு மேல். சைவருக்குச் சிவன் பாதம், பௌத்தருக்குப் புத்தர் பாதம், முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் ஆதாமின் மலை. ஒரே படியில் எல்லோரும் ஏறுகிறார்கள். கைக்குழந்தையைத் தோளில் போட்ட அப்பாவுக்கும் எண்பது வயதுப் பாட்டிக்கும் கூட்டமே ஒதுங்கி வழி விடும்.

ஹட்டனுக்கு வந்து, மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் பருவத்தில் பஸ் உண்டு. பகலிலேயே வந்து சேருங்கள். மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கியிருந்தால் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும். இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்துப் படுத்துவிடுங்கள். ஓரளவு நடக்கிறவர்களுக்கு ஏற மூன்று மணித்தியாலம், குடும்பமாகப் போனால் நாலரை. சூரியன் ஆறரை மணி அளவில் உதிக்கும். பௌர்ணமியிலும் சனி, ஞாயிறிலும் மேற்படிகளில் நெரிசலில் அசையவே முடியாது. வார நாளில் போக முடிந்தால் அதுவே பெரிய பாக்கியம்.

இனி அதிகமானவர்கள் கஷ்டப்படுகிற இடத்தைச் சொல்கிறேன். உற்சாகத்தில் வேகமாக ஏறி மூன்று மணிக்கே உச்சிக்குப் போய்விடுவார்கள். மேலே ஒதுங்க இடம் குறைவு. வியர்வையில் நனைந்த சட்டையோடு அந்தக் காற்றில் மூன்று மணித்தியாலம் நிற்பது எவ்வளவு பலசாலியையும் நடுங்க வைக்கும். சூரியன் வருவதற்குள் பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள்.

ஒருமுறை நாங்கள் ஏறியபோது, மேலே போகும் வழியில் ஒரு கடை. தகரக் கூரை, ஒரு வாங்கு, விறகடுப்பில் கேத்தல். கடைக்கார ஐயா எங்களைப் பார்த்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, மணி என்ன?"

"மூணே கால் ஐயா."

"இப்ப மேல போய் என்ன செய்யப் போறீங்க? காத்துல நிக்கவா? இங்க உக்காருங்க. சட்டைய மாத்துங்க முதல்ல."

இஞ்சி தட்டிப் போட்ட, பால் விடாத பிளேன்டீயும் உள்ளங்கையில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் கொடுத்தார். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேநீரை உறிஞ்சினால் சூடு தொண்டையிலிருந்து வயிறு வரை இறங்குவது தெரியும். ஐந்து மணிக்கு அவரே "இப்ப போங்க" என்றார். அவர் சொன்னதை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன். உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு கடையில் நின்று, உலர்ந்த பனியனை மாற்றி, ஸ்வெட்டரையும் ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு, விடிய ஒரு மணித்தியாலம் இருக்கும்போது கடைசிப் படிகளை ஏறுங்கள். மேலே சப்பாத்தைக் கழற்ற வேண்டும், தரை தாங்க முடியாத குளிராக இருக்கும். தடித்த காலுறை ஒன்றைச் சட்டைப்பைக்குள் வைத்திருங்கள்.

சூரியன் வந்ததும் எல்லோரும் கிழக்கைப் பார்த்து நிற்பார்கள். பார்த்துவிட்டு உடனே மேற்குப் பக்கம் போங்கள். மலையின் நிழல் அச்சான முக்கோணமாக மூடுபனியின் மேல் விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மலையடிவாரத்தை நோக்கிச் சுருங்கும். எத்தனையாவது தடவை ஏறினீர்களோ அத்தனை தடவை மணியை அடிக்கலாம்.

இறக்கத்தில்தான் முழங்கால் பழிவாங்கும். ஒரு கைத்தடி வைத்துக்கொண்டு, சற்றுப் பக்கவாட்டாகத் திரும்பி, மெதுவாக இறங்குங்கள். அன்று வேறு எந்தத் திட்டமும் வைக்காதீர்கள்.

ஆறாவது: தங்கும் அறை

முற்பதிவு செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள். சுடுதண்ணி எந்த நேரத்தில் வரும்? ஆளுக்கு எத்தனை போர்வை? அறையில் ஈரக்கசிவு உண்டா? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலின் இழுப்பிலேயே உண்மை தெரிந்துவிடும். கிரகரி வாவிக்குப் பக்கத்து அறை பார்க்க அழகு, ஆனால் இரவில் ஈரம் கூட. சிறுபிள்ளைகளுக்கும் இழுப்பு உள்ளவர்களுக்கும் சரிவில் சற்று உயரத்தில் இருக்கும் வீடு நல்லது. இன்ஹேலரை மறக்க வேண்டாம்.

மிக முக்கியமான ஒன்று. குளிர் தாங்காமல் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவு ஜன்னலை மூடிக்கொண்டு தூங்காதீர்கள். எரிகிற கரியிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். பார்பிகியூ போட்ட அடுப்பையும் உள்ளே கொண்டுவரக் கூடாது. சுடுதண்ணியைப் போத்தலில் நிரப்பித் துணியில் சுற்றிக் கால்மாட்டில் வைத்துப் பாருங்கள், அது போதும். அவசரத்துக்கு 1990 இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ் வரும்.

மூடுபனி விலகாத நாளில்

அப்படி ஒரு நாள் நிச்சயம் வரும். காசு வீணாகிவிட்டது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அறையில் இருக்காதீர்கள். சுடச்சுட தேங்காய் ரொட்டி, கட்டைச் சம்பல், பிளேன்டீ என்று நிதானமாகத் தொடங்குங்கள். நுவரெலியாவின் சிவப்புச் செங்கல் தபாலகம் 1894இல் கட்டப்பட்டது. உள்ளே போய் உங்கள் வீட்டு விலாசத்துக்கே ஒரு தபாலட்டை எழுதிப் போடுங்கள், பிள்ளைகளுக்கு அது பெரிய விளையாட்டு. ஹக்கல பூங்கா 1861இல் சிங்கோனா வளர்க்கத் தொடங்கிய இடம். மூடுபனியில் அந்தப் பெரிய மரங்களுக்கு நடுவே நடப்பது வெயிலில் நடப்பதைவிட நன்றாக இருக்கும் என்பது என் கட்சி. போகும் வழியில் சீதா எலியவில் சீதையம்மன் கோயில், ஓடைக்கரையில்.

தேயிலைத் தொழிற்சாலைக்கும் அன்றே போகலாம். கொழுந்தை வாட வைக்கிற மாடிக்கு ஏறினால் பச்சை இலையின் மணம் முகத்தில் அடிக்கும், கீழே இறங்க இறங்க அது தேநீர் மணமாக மாறும். குளிருக்கு அங்கே மதிப்பு அதிகம். தை முதல் பங்குனி வரை திம்புள்ள, நுவரெலியாப் பக்கத்துக்குக் குளிர்ந்த இரவும் உலர்ந்த பகலும் கிடைக்கும். கொழுந்து மெதுவாக வளரும், மணம் கூடும். வருடத்தில் நல்ல தேயிலை வருகிற காலம் அதுதான்.

வானம் பாதி திறந்த நாளென்றால் பெக்கோ நடைபாதையில் ஒரு பகுதியை நடக்கலாம். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 300 கிலோமீட்டர், 22 பகுதி. வார இறுதிக்கு ஒரே பகுதி போதும். மழை பெய்த மறுநாள் என்றால் அட்டை இருக்கும். காலுறையில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிடுங்கி இழுக்காமல் உப்போ தேசிக்காய்ச் சாறோ விடுங்கள், தானே விழும்.

தோட்டத்துக்குள் போகும்போது

அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். 1823 தொடங்கி இருநூறு வருடத்துக்கு மேலாக இந்த மலைகளை முதலில் கோப்பி மலைகளாகவும் பிறகு தேயிலை மலைகளாகவும் ஆக்கியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். லயத்து வாசல் அவர்களுடைய வீட்டு வாசல், அங்கே போய்ப் படம் எடுப்பது முறையில்லை. கொழுந்து எடுக்கும் அக்காவைப் படம் பிடிக்க விரும்பினால் முதலில் பேசுங்கள். "அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?" என்று தமிழில் கேட்டால் முகம் மலர்ந்து உங்கள் ஊரை விசாரிப்பார். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். எடுத்த கொழுந்தின் நிறைக்குத்தான் பல தோட்டங்களில் கணக்கு, பத்து நிமிடம் மறித்து வைத்தால் அவருக்கு நட்டம். பிள்ளைகளுக்குக் காசும் இனிப்பும் எறியாதீர்கள். உதவ விரும்பினால் தோட்டத்துக் கடையில் தேநீர் குடியுங்கள், ரொட்டி வாங்குங்கள், வழிகாட்டியாக வரும் தம்பிக்கு நியாயமான கூலி கொடுங்கள். செடிகளுக்கு நடுவே குறுக்கே இறங்காமல் நடைபாதையிலேயே போங்கள், கானில் (வடிகாலில்) கால் மாட்டினால் கணுக்கால் திரும்பிவிடும்.

தேயிலை வாங்குவதானால் சந்தைக் கடைப் பொதியைவிடத் தொழிற்சாலையிலேயே வாங்குவது மேல். தேயிலைத் தூளின் வகைகளில், பாலில்லாமல் குடிக்கிறவர்களுக்கு பி.ஓ.பி., பால் தேநீருக்கு டஸ்ட் அல்லது பி.ஓ.பி.எஃப். பயணப் பையில் மசாலாவோடும் சித்தாலேப தைலப் போத்தலோடும் சேர்த்து வைக்காதீர்கள், பக்கத்து மணத்தைத் தேயிலை உடனே பிடித்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் காற்றுப் புகாத டின்னில் கொட்டி, அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஊற விட வேண்டாம்.